தண்டாயுதபாணியின் இரண்டாவது யூனிட்

வேலம்பாளையத்தில் கைக்குழந்தைகளுக்கான உடுப்புத் தைத்து ஏற்றுமதி செய்பவர் தண்டாயுதபாணி. சாயப்பட்டறைக்குத் துணி போகும்போது வண்டியில் துணியோடு ஓர் ஆளை ஏற்றி அனுப்புவார். அந்த ஆள் ஒழுங்காகப் போகிறானா என்று பார்க்கப் பின்னாலேயே பைக்கில் இன்னோர் ஆள் போவான். மூன்றாவது ஆளை அனுப்பாததற்குக் காரணம் நம்பிக்கை அல்ல. மூன்று பேரானால் கூட்டுச் சேர்ந்துகொள்வார்கள் என்பது அவர் கணிப்பு.

துணி திரும்பி வந்ததும், கனம் குறைந்திருக்கிறதா என்று வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடை போட்டுப் பார்ப்பது எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான். இவர் அதோடு நிறுத்தமாட்டார். எடை மெஷின் மேலேயே சந்தேகம் வந்து, அந்த வட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகைக்கடைக்குப் போய் அங்கே ஒரு முறை நிறுப்பார். நகைக்கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு பழகிவிட்டார்.

அமராவதி ஓரம் கொமரலிங்கத்தில் பிறந்தவர். மேல்மடைக்காரன் தண்ணீர் விடுவானா மாட்டானா என்று பார்த்துக்கொண்டே வளர்ந்த ஆள், வீட்டுக் குழாயைத் திறந்தால்கூடத் தண்ணீர் வரும்வரை முறைத்துக்கொண்டுதான் நிற்பார் என்று அவர் மனைவி பழனாயி சொல்வதுண்டு. பழனாயி பிறந்த ஊர் கிணற்றுப் பாசனம். அவருக்கு எல்லோர் மேலும் நம்பிக்கை உண்டு, கணவரைத் தவிர.

திருப்பூரில் ஒரு பனியன் பெட்டிக்குள் அடங்குவதற்குள் பல வாசல்களைப் பார்த்துவிடும். நெசவு ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம். வேலை மிஞ்சினால் தையலும் வெளியே போகும். ஆனால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குத் தையல் வெளியே போவது ஆகாது. தாங்கள் நேரில் வந்து பார்த்து ஒப்புக்கொண்ட கட்டடத்துக்குள்தான் ஊசி ஓட வேண்டும். சொல்லாமல் வேறு யூனிட்டில் தைத்ததாகத் தெரிந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் அடிபட்ட கம்பெனிக்கு ஷட்டர் இறக்குவது ஒன்றுதான் மிச்ச வேலை. தண்டாயுதபாணி ஒரே பையரை நம்பி, அதாவது ஒரே பையரைச் சந்தேகப்பட்டு, வாழ்கிறவர். ஒரு தையலைக்கூட அவர் வெளியே கொடுத்ததில்லை. நல்லூரில் சொந்த மைத்துனன் மயில்சாமியே யூனிட் வைத்திருக்கிறார்; அவருக்கும் கொடுத்ததில்லை. "அவனுக்கே கொடுக்கறதில்லீங்களா?" என்று யாராவது கேட்டால், "அவனுக்கா? அவனுக்குத்தான் மொதல்ல கொடுக்கக்கூடாதுங்க" என்பார்.

அந்த விதியை மனமொப்பிக் கடைப்பிடித்தவர்கள் ஊரில் எத்தனை பேர் என்று தெரியாது. இவர் கடைப்பிடித்தார். அதை நேர்மை என்று சொல்லிவிட முடியாது. சந்தேகமும் சில சமயம் பார்ப்பதற்கு நேர்மை மாதிரியே இருக்கும்.

கம்பெனிக் கணக்கெல்லாம் கண்ணாடி அறையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அன்றன்றைக்குத் தைத்தது எவ்வளவு, பேக்கிங் ஆனது எவ்வளவு என்று சூப்பர்வைசர் நல்லான் அதில் ஏற்றுவார். மாலையானால் மெஷின் தானாகவே அதைத் தொகுத்துப் பையரின் இணையதளத்துக்கு அனுப்பிவிடும். யாரும் ஒரு பட்டனையும் தட்ட வேண்டியதில்லை. அதனாலேயே, அப்படி ஒன்று நடக்கிறது என்பது முதலாளிக்குத் தெரியாது. நல்லான்தான் தினமும் உட்கார்ந்து அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். நல்லானும் அந்த நினைப்பைக் கெடுக்கவில்லை.

அந்த மெஷின் டொக்கு டொக்கென்று சத்தம் போடத் தொடங்கியதும் தஹ்சீனைக் கூப்பிட்டார்கள். நல்லூர்ப் பெண். இன்ஜினீயரிங் படித்துவிட்டு, பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை ஒரு ஸ்கூட்டியில் சுற்றி வந்து பார்த்துக்கொள்கிறவர். காதை வைத்துக் கேட்டுவிட்டு, "டிஸ்க் சாகப் போகுதுங்க சார்" என்றார்.

"பல வருசமா இப்படித்தானுங்க அம்மணி சத்தம் போடுது."

"பல வருசமா சொல்லிட்டுதான் இருக்குது. நாமதான் கேக்கல. கிளவுடுக்கு மாத்திரலாங்க சார். இனி கரண்ட் போனாலும் கவலை இல்ல, டிஸ்க் செத்தாலும் கவலை இல்ல."

"கிளவுடுன்னா யாரு ஊடுங்க அது?"

"ஊடு இல்லீங்க. மும்பையில ஒரு பெரிய கட்டடம். உள்ள வரிசையா மெஷினுங்க. அதுல நமக்கொரு பங்கு."

"பங்கா? பங்காளி யாரு?"

"அது தெரியாதுங்க."

"தெரியாத பங்காளியா!" தண்டாயுதபாணி நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். தெரிந்த பங்காளிகளையே கோர்ட்டில் பார்த்தவர்.

தஹ்சீன் பொறுமையாக விளக்கினார். வாடகைக்கு எடுக்கப்போவது உள்ளபடியே ஒரு மெஷின் அல்ல. ஒரு பெரிய மெஷின் தன்னைப் பல சின்ன மெஷின்களாகப் பாவித்துக்கொள்ளும். அதில் ஒரு பாவனைதான் நம்முடையது.

"அப்ப இல்லாத மெஷினுக்கு வாடகை."

"அப்படியும் சொல்லலாங்க."

"வாடகையும் இல்லாத பணமா இருந்துட்டா பொருத்தமா இருக்குமுங்களே."

எந்த மெஷினுக்கும் உயிர் வந்தவுடனே, தான் யார், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு டிஸ்க் வேண்டும். அதைப் பூட் டிஸ்க் என்பார்கள். அது இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட மெஷினும் கண்ணைத் திறந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பழைய டிஸ்க்கை அப்படியே ஒரே கோப்பாகப் படியெடுத்து, மும்பைக்கு ஏற்றி, அங்கே அதிலிருந்து ஒரு பூட் டிஸ்க் செய்து, வாடகை மெஷினை அதைக் கொண்டு எழுப்புவது தஹ்சீனின் திட்டம். அதற்கு முன் பாதுகாப்புக்காகப் பழையதை இன்னொரு புது டிஸ்க்கில் அச்சு அசலாக நகல் எடுத்துக்கொண்டார். செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நம்பி எதையும் தொடங்கக்கூடாது என்பது அவர் தொழில் பாடம். சந்தேகம் இரண்டு பேருக்கும் பொதுதான். தஹ்சீனுக்கு மெஷின் மேல், முதலாளிக்கு தஹ்சீன் மேல்.

முதல் தடவை எழுப்பியபோது திரை கறுப்பாகவே நின்றது. எழுப்ப டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்று மட்டும் ஆங்கிலத்தில் ஒரு வரி.

"நாந்தான் சொன்னனல்லங்க!" தண்டாயுதபாணியின் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக மகிழ்ச்சி. "வழியில எவனோ எடுத்துட்டான்."

"யாரும் எடுக்கலீங்க சார். டிஸ்க் அங்கதான் இருக்குது. இந்த மெஷின் இருக்குதே, இவன் இத்தன நாளும் நம்ம பழைய டிஸ்க்கை மட்டும் பாத்துப் பழகுனவன். அங்க இருக்கறது வேற மாதிரி டிஸ்க். தான் உக்காந்திருக்கற டிஸ்க்கே தனக்குக் கண்ணுக்குத் தெரியல."

அங்கேயுள்ள டிஸ்க்கை அடையாளம் காட்டும் டிரைவர் புரோகிராம்களைப் பழைய மெஷினிலேயே முதலில் போட்டுவிட்டு, மறுபடி படியெடுத்து, மறுபடி ஏற்றினார். கோப்பு ஏறுவதைக் காட்டும் பச்சைக் கோடு சோம்பேறித்தனமாக நகர்ந்தது. முதலாளி அதன் மேல் கண் வைத்தபடியே சோறு தின்றார். சாப்பாட்டை வேறு அறைக்குக் கொண்டுபோனால் அந்த நேரத்தில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்.

இரண்டாவது தடவை மெஷின் எழுந்தது. தஹ்சீனின் லேப்டாப்பில் மெல்ல மெல்லத் திரை விரிந்தபோது, முதலாளியின் மேசைக் கம்ப்யூட்டரில் இருக்கும் அதே முருகன் படம், அதே இடத்தில், வேலோடு நின்றது.

தஹ்சீன் பெருமையாகத் திரும்பிப் பார்த்தார். தண்டாயுதபாணிக்கு வேர்த்திருந்தது.

"என்ற முருகன் எப்புடிங்க அங்க போனாரு?"

"எல்லாந்தான் சார் போயிருக்குது. ஒண்ணு விடாம."

"முருகனையே தூக்கிட்டுப் போக முடியும்னா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

மெஷின் மும்பையில் ஓடத் தொடங்கியது. பழையதை அணைத்தார்கள். தஹ்சீன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது முதலாளி கேட்டார்: "அந்த நகலு ஒண்ணு எடுத்தீங்களே. அது எனக்கு வேணுமுங்க. கவுண்டர் சாம்பிளா வெச்சுக்கறேன்."

பனியன் தொழிலில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். பையருக்கு ஒரு சாம்பிள் உடுப்பு அனுப்பும்போது, அதே கையால் தைத்த இன்னொன்றைப் பாலித்தீன் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டு, தன்னிடம் வைத்துக்கொள்வார்கள். நாளைக்குப் பையர் கலர் மாறிவிட்டது, கழுத்து அகலம் என்று குறை சொன்னால், உறையைப் பிரித்து இதைக் காட்டலாம். மும்பைக்கு அனுப்பிய சாம்பிளுக்கும் தன்னிடம் ஒரு ஜோடி வேண்டும் என்று அவர் கேட்டதில் தஹ்சீனுக்கும் தப்பு தெரியவில்லை.

"வெச்சுக்கங்க சார். ஆனா இத எந்த மெஷின்லயும் மாட்டி எழுப்பாதீங்க. எழுப்புனா இதுவும் தன்னை உங்க கம்பெனி மெஷின்னே நெனைச்சுக்கும்."

"செரிங்க செரிங்க" என்றார்.

பாலித்தீன் உறைக்குள் தொங்கும் உடுப்பு சும்மா தொங்கும். இரண்டு கவுண்டர் சாம்பிள்களை ஒரே அலமாரியில் வைத்தால் அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை, பையருக்குக் கடிதம் போடுவதும் இல்லை. அந்த அனுபவத்தில்தான் அவர் 'செரி' சொன்னார். தவிரவும், ஒன்றைத் திறக்காதே என்று ஒருவர் சொன்னால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்பது அவர் வாழ்நாள் கண்டுபிடிப்பு.

மும்பையில் இருக்கும் மெஷின் தன் கணக்கை ஒழுங்காகக் கூட்டுகிறதா, அல்லது அங்கே எவனாவது ஓர் எண்ணை இப்படி அப்படித் திருப்பிவிடுகிறானா என்பதை வேறு எப்படித் தெரிந்துகொள்வது? பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவதாகச் சொல்லி வீட்டுக்கு எடுத்துப் போனார். எடைக்கடைத் தராசை நம்ப முடியாது என்று யாரிடமோ காரணமும் சொல்லிவைத்தார். டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்து நகல் டிஸ்க்கை அதில் மாட்டினார். தேங்காய்களும் அரிசி மூட்டையும் கிடக்கும் சாமான் அறையில், வீட்டு இன்டர்நெட் வயரையும் இழுத்துவிட்டு, எழுப்பினார். முருகன் வந்தார்.

தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, முந்தின நாள் கம்பெனியில் தானே கையால் எண்ணி வந்த உடுப்புகளின் எண்ணிக்கையை அதில் ஏற்றுவார். அப்புறம் கம்பெனிக்குப் போய் மும்பைக் கணக்கைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போனதில்லை. அதற்கும் மும்பைக்கும் சம்பந்தமில்லை. நல்லான் ஏற்றும் கணக்கு எப்போதுமே கொஞ்சம் நல்ல மனசோடு இருக்கும். நாளைக்குத் தைக்கப் போவதையும் இன்றைக்கே சேர்த்துக்கொள்ளும். பையருக்கு அது பிடிக்கும் என்பதால் முதலாளியும் அதைக் கண்டுகொண்டதில்லை. ஆகவே பையருக்கு ஒரு கணக்கு, தனக்கு ஒரு கணக்கு. ஒன்று மும்பையில், ஒன்று தேங்காய்களுக்கு நடுவில்.

பழனாயிக்கு அந்தச் சாத்திய கதவு பிடிக்கவில்லை. "ஏனுங்க, உள்ள யாருகிட்டப் பேசறீங்க?"

"எண்ணறேன் புள்ள."

"தேங்காயயா?"

"ஆமா."

"தேங்காய எண்ணறதுக்குக் கண்ணாடி எதுக்குங்க போட்டுட்டுப் போறீங்க?"

வீட்டு மெஷினோ தன் வேலையைப் பார்த்தது. மாலையானதும் எழுந்து, அன்றைய கணக்கைத் தொகுத்து, இன்டர்நெட் இருக்கிறதே என்று பார்த்து, பல வருடப் பழக்கத்தில் பையருக்கு அனுப்பி வைத்தது. பாஸ்வேர்டை மாற்றியிருந்தால் முடியாதுதான். மாற்றப் பையரின் அனுமதி வேண்டும். தஹ்சீன் கேட்டிருந்த அனுமதி இன்னும் வந்துசேரவில்லை.

பையரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இப்படித் தெரிந்தது: வேலம்பாளையத்தில் ஒரு கம்பெனி. ஒரே ஆர்டர், சின்ன யானை பிரிண்ட் போட்ட குழந்தை உடுப்பு. தினமும் மாலை ஒரே பெயரில் இரண்டு ரிப்போர்ட். எண்ணிக்கை வேறு வேறு. ஒன்று மும்பையிலிருந்து வருகிறது. இன்னொன்று திருப்பூரில் ஏதோ ஒரு வீட்டு இணைப்பிலிருந்து. இதற்கு அவர்கள் அகராதியில் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலையில் பையரின் லோக்கல் ஆபீசிலிருந்து சுரேந்தர் வந்து இறங்கினார். திருநெல்வேலிக்காரர். சொல்லாமல் தைக்கும் யூனிட்டுகளைக் கண்டுபிடிப்பதே வேலை. டீ வேண்டாம் என்றார். தண்டாயுதபாணியின் கணக்கில், டீ வேண்டாம் என்கிற அதிகாரி முடிவெடுத்துவிட்டு வந்தவர்.

"ரெண்டாவது யூனிட் எங்க சார் இருக்கு?"

"எந்த ரெண்டாவது யூனிட்டுங்க?"

"அதத்தான் நானும் கேக்கேன்." சுரேந்தர் லேப்டாப்பைத் திருப்பி இரண்டு ரிப்போர்ட்டையும் காட்டினார். "இன்னைக்குச் சாயங்காலம் நான் மெயில் போட்டாகணும். ரெண்டாவது யூனிட் இருக்குன்னு போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். வாழ்நாளில் ஒரு தையலைக்கூட வெளியே கொடுக்காத மனிதர், வெளியே கொடுத்ததற்காகக் கம்பெனியை இழக்கப் போகிறார். அநியாயம் பெரிதாக இருந்தால் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு அழுகை வரும். இவருக்கு யார் செய்தது என்பதுதான் முதலில் தோன்றியது. அதற்கு அவரிடம் பதில் தயாராக இருந்தது.

தஹ்சீனை வரவழைத்தார். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்: "அம்மணி, நீங்க நல்லூரு. என்ற மச்சான் மயில்சாமியும் நல்லூரு. அவன் கம்பெனிக் கம்ப்யூட்டரையும் நீங்கதானுங்களே பாக்கறீங்க?"

"ஆமாங்க."

"என்ற முருகனை மும்பைக்கு அனுப்பத் தெரிஞ்சவங்களுக்கு நல்லூருக்கு அனுப்பறதுக்கு எத்தன நேரமாகும்?"

தஹ்சீன் ஹெல்மெட்டை மேசை மேல் வைத்தார். வைத்த சத்தத்தில் நல்லான் கண்ணாடி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "நான் ஒரு கம்பெனி டிஸ்க்கை இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்தேன்னா, அதுக்கப்புறம் இந்த ஊர்ல நான் என்ன தொழில் பண்ண முடியும், கடலை விக்கறதா?" பிறகு சுரேந்தரின் திரையைக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் குரலில் கோபம் போய் யோசனை வந்தது. "சார், இது மனுசன் அனுப்புன ரிப்போர்ட் இல்ல. மெஷின் தானா அனுப்புனது. நம்ம மெஷினோட நகல் எங்கியோ எழுந்து ஓடிட்டு இருக்குது. ஓடுனா தினமும் சாயங்காலம் அதுவே அனுப்பிரும்."

"தானாவா?" என்றார் தண்டாயுதபாணி.

"தானாத்தான். நல்லானண்ணன் என்னைக்கு அனுப்பியிருக்காரு?"

அந்த நிமிடத்தில் தண்டாயுதபாணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லோரையும் சந்தேகப்பட்டுப் பழகிய மனதுக்கு, திருடன் தான்தான் என்று தெரிய வரும்போது எப்படி நடந்துகொள்வது என்ற பயிற்சி இல்லை.

"நகலு ஒண்ணுதான் சார் எடுத்தேன். அது உங்க கவுண்டர் சாம்பிளு. அலமாரியத் தொறந்து காட்டுங்க, முடிஞ்சுது."

"சாவி ஊட்டுல இருக்குதுங்க" என்றார். அது உண்மை. எல்லாச் சாவிகளும் வீட்டில்தான் இருந்தன.

"அப்ப வீட்டுக்கே போயிருவோம்" என்று சுரேந்தர் எழுந்தார்.

காரில் போகும்போது சுரேந்தர் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கட்டடத்தையும் ஜன்னல் வழியே பார்த்து, ஏதாவது ஒரு சந்தில் தையல் மெஷின் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வந்தார். வேலம்பாளையத்தில் எந்தச் சந்தில்தான் கேட்காது.

வாசலில் மூன்று பேரைப் பார்த்ததும் பழனாயி, "வாங்க வாங்க. அந்தப் பொட்டியத்தானுங்க பாக்க வந்திருக்கீங்க? நானும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்ட்டனுங்க" என்று, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சாமான் அறையைத் திறந்துவிட்டார்.

முருகன் தேங்காய்களுக்கு நடுவில் ஒளிர்ந்துகொண்டிருந்தார்.

தஹ்சீன் தண்டாயுதபாணியைப் பார்த்தார். தண்டாயுதபாணி அரிசி மூட்டையைப் பார்த்தார்.

"மும்பைக்காரன் ஒழுங்கா கூட்டறானான்னு பாக்கறதுக்குங்க" என்று மூட்டையிடம் சொன்னார்.

சுரேந்தருக்கு இது போதவில்லை. ஒருவர் வீட்டில் உட்கார்ந்து, தன் கம்பெனிக் கணக்கைத் தானே வேவு பார்க்க, ஒரு சர்வரை ஓட்டிக்கொண்டிருந்தார் என்பதை எந்த மெயிலில் எழுதினாலும் படிக்கிறவர் சிரிப்பார். அவர் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தார். பின்கட்டில் பழனாயியின் பழைய தையல் மெஷின் இருந்தது. அதன் மேல் பாதி தைத்த ஒரு கால்மிதி. கட்டிங் கழிவுத் துண்டுகளை ஒட்டுப் போட்டது. துண்டுக்குத் துண்டு சின்ன யானை.

சுரேந்தர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். "இது எங்க ஆர்டர் துணியில்லா?"

"வேஸ்ட்டுங்க சாமி, வேஸ்ட்டு!" பழனாயி பதறினார். "கால் தொடைக்கறதுக்கு."

"தையல் மெஷின் இருக்கு. துணி இருக்கு. சர்வர் இருக்கு. வேற என்ன சார் வேணும், ஒரு யூனிட்டுக்கு?"

தண்டாயுதபாணி கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பல வருடமாக அவர் மற்றவர்களிடம் சொல்லி வந்த வாக்கியம் இது. 'இருக்குதில்ல? அப்பறம் என்ன?' என்று எத்தனை டிரைவர்களை, எத்தனை சாயப்பட்டறைக்காரர்களைக் கேட்டிருப்பார். அவர்கள் எல்லோரும் என்னென்னவோ சொன்னார்கள், எதையும் இவர் ஏற்றதில்லை. ஏற்கத்தக்க பதில் ஒன்று உண்டா என்று இப்போது தேடினார். ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னால் வேறு விதத்தில் மானம் போகும்.

"சார், கம்பெனிக்கு வாங்க. கோடவுனைத் தொறந்து விடறேன். நீங்களே எண்ணிப் பாருங்க."

"எதுக்கு?"

"ரெண்டு யூனிட் வெச்சிருக்கறவன்கிட்ட சரக்கு இருக்கோணுமல்லங்க?" தலையைக் குனிந்துகொண்டார். "என்றகிட்ட பாதி கூட ஆகலீங்க. கப்பல் தேதிக்கு முடியாது. நல்லான் ஏத்துன கணக்கெல்லாம்... உங்களுக்குச் சந்தோசமா இருக்கட்டும்னு ஏத்துனது. இந்தப் பொட்டியில நான் ஏத்துனதுதானுங்க நெசம்."

பழனாயி கணவரை ஆச்சரியமாகப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதையும் ஒப்புக்கொண்டு இவர் கேட்டதில்லை.

கோடவுனில் சுரேந்தர் எண்ணினார். பெட்டிகளைப் பிரித்து எண்ணினார், தையல் லைனில் கிடந்ததை எண்ணினார், கட்டிங் மேசையில் தைக்காமல் காத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு எண்ணுவதை நிறுத்திக்கொண்டார். இரண்டு யூனிட் தைத்த சரக்கு அங்கே இல்லை. ஒழுங்காக ஓடும் ஒரு யூனிட்டின் சரக்கே இல்லை. சாயப்பட்டறை தாமதம், ஆள் பற்றாக்குறை, ஹோலிக்குப் பீகார் போன பையன்கள் திரும்பாதது எல்லாம் அந்தக் காலி இடத்தில் தெரிந்தன. வீட்டு மெஷினின் எண்ணிக்கையும் அச்சாகப் பொருந்தவில்லை. ஆனால் நல்லானின் எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்தால் அது அரிச்சந்திரன்.

சுரேந்தர் கையைத் தட்டித் தூசியைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாவது யூனிட் வெச்சிருக்கிற எவனும் இந்த லட்சணத்துல லேட்டா இருக்க மாட்டான் சார்" என்றார். அது ஒரு சான்றிதழ் மாதிரியே ஒலித்தது. "லேட்டுக்கு நான் மெயில் போட்டுச் சமாளிச்சிருவேன். பொய் ரிப்போர்ட்டுக்கு ஒரு எச்சரிக்கை வரும், வாங்கிக்கிடுங்க. ஆனா இந்தத் தேதிக்கு நீங்க மட்டும் தைக்க முடியாது. பாதியை எங்ககிட்டச் சொல்லிட்டே வேற யூனிட்டுக்குக் கொடுக்கணும். நாங்க ஏற்கெனவே பாத்து ஓகே பண்ண யூனிட்டா இருக்கணும். பக்கத்துல யாரு இருக்கா?"

தஹ்சீன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பையர் ஒப்புக்கொண்ட யூனிட்டுகளில், அந்த மாதம் கை காலியாக இருந்தது ஒன்றுதான். நல்லூர், மயில்சாமி.

வீட்டு மெஷினைச் சுரேந்தரின் கண்முன்னாலேயே அழித்தாக வேண்டியிருந்தது. எல்லோரும் மறுபடி தேங்காய் அறைக்குப் போனார்கள். தஹ்சீன் அதை அணைத்து, டிஸ்க்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, ஆரம்பம் முதல் கடைசி வரை வெறும் பூஜ்யத்தால் நிரப்ப விட்டார். தண்டாயுதபாணி பக்கத்தில் நின்று பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசாப் போயிருமுங்களா?"

"போயிருங்க."

"திருப்பி எடுக்க முடியாதே?"

"முடியாதுங்க சார்." வயரைப் பிடுங்கிக்கொண்டே தஹ்சீன் சொன்னார்: "மும்பை மெஷினுக்குப் பாஸ்வேர்டு மாத்திக் கொடுத்தர்றேன். அதுக்கப்புறம் நீங்க வேற ஆளப் பாத்துக்கங்க."

தண்டாயுதபாணி நிஜமாகவே திடுக்கிட்டார். "வேற ஆளா? வேற ஆள எப்புடிங்க அம்மணி நம்பறது?"

தஹ்சீன் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் அடுத்த வாரமும் ஸ்கூட்டி வேலம்பாளையத்தில் நின்றது. மன்னிப்பு என்று அந்த வீட்டிலிருந்து இதைவிடத் தெளிவாக எதுவும் வரப்போவதில்லை என்று பழனாயி தஹ்சீனிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

வெட்டிய துணிக் கட்டுகள் மறுநாள் நல்லூருக்குக் கிளம்பின. முதலாளி வண்டியில் துணியோடு ஆள் அனுப்பவில்லை, பைக்கில் பின்னால் ஆள் அனுப்பவும் இல்லை. தானே டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

யூனிட் வாசலில் மயில்சாமி நின்றிருந்தார். கட்டுகள் இறங்குவதைப் பார்த்து அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஊர் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. "வாங்க மச்சான். கடைசியில நம்மூட்டு வாசலையும் மிதிச்சுட்டீங்க. இப்பவாவது எம்மேல நம்பிக்கை வந்துதுங்களா?"

"இல்ல மாப்ள" என்றார் தண்டாயுதபாணி. உள்ளே போய், முதல் லைனில் ஓடிக்கொண்டிருந்த ஓவர்லாக் தையல் மெஷின்களுக்கு நேராக, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "சோத்த இங்கயே கொண்டாரச் சொல்லு."